மூலையில் இருத்தாதீர்கள்; முற்றத்துக்கு அழைத்து வாருங்கள்!



ஏறாவூரிலிருந்து வாழைச்சேனைப் பக்கம் போகும் காலை பஸ்ஸில் நான் பல வருடங்களாகப் பாடசாலைக்குப் போய் வருகிறேன். செங்கலடி, கொம்மாதுறை, வந்தாறுமூலை, மாவடிவேம்பு தாண்டினால் சித்தாண்டி வரும். சித்திரவேலாயுத சுவாமி கோயிலால் பெயர் பெற்ற தமிழ்க் கிராமம் அது. ஒரு பக்கம் வயல்வெளி. உள்ளே போனால் சந்தனமடு ஆறு. மாரி காலத்தில் ஆறு பெருகி வயலும் வீதியும் ஒன்றாகிவிடும். மற்ற நாட்களில் வாய்க்கால் கட்டுகளில் காலையிலும் மாலையிலும் ஆட்கள் நடந்து கொண்டிருப்பார்கள்.

அந்தக் கிராமத்தில் ஒரு தாயையும் மகளையும் நான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுண்டு. மகளுக்கு நாற்பதை அண்மித்த வயது இருக்கும். முகத்தைப் பார்த்தாலே டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் என்று தெரியும். தாய் முன்னே போக, மகள் ஒரு பன்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாகப் பின்னால் நடப்பார். சில நாள் பையில் கீரைக்கட்டு இருக்கும். சில நாள் தேங்காய் இருக்கும். பஸ்ஸைக் கண்டால் நின்று கை காட்டுவார். அவருக்குத் தெரிந்தவர் யாரும் பஸ்ஸில் இருப்பதாகத் தோன்றவில்லை. எல்லோருக்கும் பொதுவாகத்தான் அந்தக் கை அசைப்பு.

அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சு உறுத்தும். ஏன் என்று சொல்கிறேன்.

நான் சொன்ன தவறான ஆறுதல்

என் தங்கச்சியின் மகனும் அப்படிப்பட்ட ஒரு பிள்ளைதான். அவன் பிறந்தபோது தங்கச்சி அழுதாள். நான் அப்போது அரபுக் கல்லூரியை முடித்து வெளியேறிய புதிது. கிதாபு ஓதிய வேகத்தில் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். "அழாதே தங்கச்சி. இவன் மீது பாவமே எழுதப்படாது. இவன் சுவர்க்கத்துப் பிள்ளை. வெளியில் அனுப்பி ஊரார் கேலிக்கு ஆளாக்காதே. ஆசைப்பட்டதைக் கொடு, வீட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்" என்றேன்.

அவள் என் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டாள். சின்ன வயதில் விசேட கல்வி வகுப்புக்குக் கொஞ்ச நாள் போனான். பிறகு அதுவும் நின்றது. பதினைந்து வயதிலிருந்து அவன் உலகம் ஒரு கட்டிலும் ஒரு தொலைக்காட்சியும்தான். காலையில் நாலு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி, பிஸ்கட். பத்து மணிக்குச் சோடா. பகலில் நிறையச் சோறு. பெருநாள் என்றால் தொதலும் வட்டிலப்பமும் அவனுக்குத்தான் முதலில். எல்லாம் அன்புதான். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் அவனுக்கென்று இனிப்பு வாங்கி வருவார்கள். நானும் வாங்கிப் போயிருக்கிறேன்.

இருபத்தெட்டாவது வயதில் அவன் காலில் ஒரு புண் வந்தது. அவனுக்கு வலியைச் சொல்லத் தெரியவில்லை. நடக்க மறுத்தான். பிடிவாதம் என்று நினைத்துவிட்டார்கள். வைத்தியசாலைக்குக் கொண்டு போனபோது சீனி வருத்தம் பல காலமாக இருந்திருக்கிறது என்றார்கள். இடது காலின் சின்ன விரலை எடுக்க வேண்டி வந்தது. வார்டுக்கு வெளியே நின்ற என் தங்கச்சி என்னைப் பார்த்து, "காக்கா, நீங்க சொன்ன மாதிரித்தானே நான் பார்த்தேன்" என்றாள். குறை சொல்லும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்கு இன்னும் கனமாக இருந்தது.

அதற்குப் பின் ஒரு நாள் சித்தாண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அந்தத் தாயைத் தேடிப் போய்ச் சலாமுக்குப் பதிலாக வணக்கம் சொல்லி, என் மருமகனின் கதையைச் சொல்லி, "அம்மா, உங்கள் மகள் மட்டும் எப்படி இவ்வளவு சுகமாக நடக்கிறார்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "நான் என்ன சேர் செஞ்சன்? சின்னதில இதயத்தில ஓட்டை எண்டு கொழும்புக்குக் கொண்டு போனனாங்கள். சுகமாக்கித் தந்த டாக்குத்தர், 'இவளை இருத்தி வைக்காத, நடக்க விடு' எண்டு சொன்னவர். அண்டைக்குத் துவங்கின நடைதான். நான் போற இடமெல்லாம் அவளும் வருவாள். விறகு கட்டினா ஒரு தலைப்பு அவள் பிடிப்பாள். நான் செத்தாலும் அவளுக்கு நடக்கக் கால் இருக்கோணும் தானே" என்றார்.

அந்தத் தாய் எந்த நூலும் வாசித்தவர் அல்ல. ஆனால் கிதாபு ஓதிய நான் சொல்லாததை அவர் செய்து காட்டியிருக்கிறார்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

வளர்ச்சிக் குறைபாடு என்பது பிறவியிலோ பிள்ளைப் பருவத்திலோ தொடங்கி வாழ்நாள் முழுதும் தொடர்வது. டவுன் சிண்ட்ரோம், ஓட்டிசம், மூளை வாதம், காரணம் தெரியாத அறிவு வளர்ச்சிக் குறைவு எல்லாம் இதில் அடங்கும். இடையில் வருகிற மனநோய் வேறு, இது வேறு. ஜின் பிடித்ததென்றும், தாய் கர்ப்பத்தில் கிரகணம் பார்த்ததென்றும், பெற்றோரின் பாவமென்றும் சொல்வதெல்லாம் அறியாமை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவரின் உயிரணுக்களில் 21ஆவது குரோமோசோம் ஒன்று மேலதிகமாக இருக்கிறது என்பதை ஜெரோம் லெஜோன் என்ற பிரெஞ்சு வைத்தியரும் அவரது தோழர்களும் 1959இல் வெளியிட்டார்கள். அதைத் தண்ணீர் ஓதிக் கொடுத்து எடுக்கவும் முடியாது. அதற்காகத் தாயை ஏசுவதற்கும் நியாயமில்லை.

இதில் முக்கியமான ஒரு விஷயம் உண்டு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கா போன்ற நாடுகளில்கூட டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வருடங்கள் அளவில்தான் இருந்தது. இன்று அங்கெல்லாம் அது 60 வருடங்களை எட்டியிருக்கிறது. இதய சத்திர சிகிச்சையும், நோயெதிர்ப்பு மருந்துகளும், வீட்டோடு சேர்த்து வளர்ப்பதும் இதற்குக் காரணங்கள். அதாவது, நமது பாட்டிமார் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் பெரியவர்களாவது குறைவு. இன்று நம் வீடுகளில் முப்பது, நாற்பது, ஐம்பது வயதுப் "பிள்ளைகள்" இருக்கிறார்கள். அவர்களைப் பிள்ளை என்றே நினைத்து, இனிப்பும் கட்டிலும் கொடுத்து வைத்திருக்கிறோம். ஆனால் அவர்களின் உடம்பு பிள்ளை உடம்பு அல்ல. நமக்கு வருகிற சீனி வருத்தமும் இரத்த அழுத்தமும் கொழுப்பும் அவர்களுக்கும் வரும். சில வேளை நமக்கு முந்தியே வரும்.

சோம்பல் என்று ஏசாதீர்கள்

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இதயக் கோளாறோடு பிறக்கிறார்கள். தைரொயிட் சுரப்பி மந்தமாகிவிடுவது இவர்களிடம் அதிகம். அப்படியானால் உடம்பு ஊதும், எந்நேரமும் தூக்கம் வரும், எழும்ப மனம் வராது. வீட்டில் "சோம்பேறி" என்று ஏசுவார்கள். இரத்தப் பரிசோதனை ஒன்று செய்தால் காரணம் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு. இரவில் பலத்த குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வருகிறதென்றால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பகல் தூக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

காதும் கண்ணும் மங்குவது இன்னொன்று. கூப்பிட்டால் திரும்பவில்லை என்பதற்காக அறிவு மங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். காதுக்குள் அழுக்கு அடைத்திருந்தாலும் அப்படித்தான். நாற்பது வயதுக்கு மேல் இவர்களில் பலருக்கு மறதி நோய் நம்மைவிட முந்தி வருவதும் உண்மை. ஆனால் தெரிந்த வேலையைத் திடீரென்று மறந்தால், அந்த நோய்தான் என்று முடிவு கட்டு முன், தைரொயிட், காது, கண், மலச்சிக்கல், பல்வலி, வீட்டில் நடந்த மௌத்தின் துக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

வலிப்புக்கும் மன அமைதிக்கும் கொடுக்கிற சில மருந்துகள் பசியைக் கூட்டி உடம்பைப் பெருக்க வைக்கும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வைத்தியரிடம் சொல்லுங்கள், அவர் அளவைப் பார்ப்பார்.

இவர்கள் வலியைச் சொல்வதில்லை என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. உணவைத் தள்ளுவது, தலையில் அடித்துக்கொள்வது, நடக்க மறுப்பது, திடீர்க் கோபம் எல்லாமே அவர்களின் பேச்சுத்தான். வெள்ளிக்கிழமை குளிப்பாட்டும்போது கால் விரல் இடுக்கு, பாதம், ஈறு, தோல் மடிப்பு எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். என் தங்கச்சி வீட்டில் யாரேனும் கிழமைக்கு ஒரு முறை அந்தக் காலைப் பார்த்திருந்தால் அந்த விரல் இன்று இருந்திருக்கும், இன்ஷா அல்லாஹ்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

மூவரிடமிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற நபிமொழியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். உறங்குபவர், சிறு பிள்ளை, புத்தித் தெளிவற்றவர் ஆகியோரே அந்த மூவர். நான் அன்று தங்கச்சிக்குச் சொன்னதும் இதை வைத்துத்தான். ஆனால் எழுதுகோல் உயர்த்தப்பட்டது அவனிடமிருந்து. என்னிடமிருந்து உயர்த்தப்படவில்லை, அவனைப் பொறுப்பேற்ற வாப்பா, உம்மா, மாமா, மாமி, பள்ளிவாசல், மஹல்லா எவரிடமிருந்தும் உயர்த்தப்படவில்லை. அவனைப் பற்றி நம்மிடம்தான் கேட்கப்படும். இதை நான் சொல்லாமல் விட்டேன்.

மதீனாவில் அறிவில் சற்றுக் குறையுள்ள ஒரு பெண் இருந்தார். அவர் நபிபெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து, தங்களிடம் எனக்கொரு தேவை இருக்கிறது என்றார். பெருமானார் அந்தப் பெண்ணின் வீட்டாரைக் கூப்பிட்டு "இவரை அழைத்துப் போங்கள்" என்று சொல்லவில்லை. எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாரோ அதை அவரே தெரிவு செய்யும்படி சொல்லி, அவருடன் வழியோரத்தில் நின்று, அவர் தேவை முடியும்வரை கேட்டார்கள். அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. சகோதரிகளே, இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அந்தப் பெண் மதீனாவின் தெருவில் நடமாடினார். யாரும் அவரைப் பூட்டி வைக்கவில்லை. எங்கே நிற்பது என்ற தெரிவையும் பெருமானார் அவருக்கே கொடுத்தார்கள்.

பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களை முன்னிட்டே அபஸ அத்தியாயத்தின் தொடக்கம் இறங்கியது. பின்னாளில் அவர் பாங்கு சொல்பவராக இருந்தார். பெருமானார் மதீனாவை விட்டுப் போகும்போது அவரைப் பொறுப்பாக நிறுத்திச் சென்றதும் உண்டு. அந்நூர் அத்தியாயத்தின் 61ஆவது வசனம் பார்வையற்றவரும் முடவரும் நோயாளியும் மற்றவர்களோடு சேர்ந்து உண்பதில் குற்றமில்லை என்று கூறுகிறது. அவர்களை ஒதுக்கிச் சாப்பிடுகிற வழக்கம் அன்று இருந்ததென விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். இன்று கல்யாண வீட்டில் சஹனைச் சுற்றி எல்லோரும் இருக்க, நம் பெரிய பிள்ளை மட்டும் பின்னறையில் தனித்தட்டில் சாப்பிடுகிறான். யோசித்துப் பாருங்கள்.

விளையாட்டு வீண் என்று நினைப்பவர்களும் உண்டு. பெருமானார் ஆயிஷா நாயகி (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். முதல் முறை நாயகி அவர்கள் முந்தினார்கள். பின்னொரு காலத்தில் பெருமானார் முந்தினார்கள். உடம்புக்கும் நம் மீது உரிமை உண்டென்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர்களும் அவர்களே. அந்த உரிமை அறிவு நிறைந்தவரின் உடம்புக்கு மட்டுமா?

ஒரு தோட்டத்தில் தொடங்கியது

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜோன் கென்னடிக்கு ரோஸ்மேரி என்றொரு சகோதரி இருந்தார். 1918இல் பிறந்த அவருக்கு அறிவு வளர்ச்சி குறைவு. 1941இல் தந்தையின் சம்மதத்துடன் அவருக்கு மூளையில் ஒரு சத்திர சிகிச்சை செய்தார்கள். அதன்பின் அவர் பேச்சும் நடையும் பெரிதும் கெட்டு, 2005இல் இறக்கும்வரை பெரும்பாலும் வீட்டாரைப் பிரிந்து ஒரு பராமரிப்பு இல்லத்திலேயே வாழ்ந்தார். பணமும் பதவியும் நிறைந்த குடும்பம். அங்கும் இந்தப் பிள்ளை மறைக்கப்பட்டார்.

அவரது தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1962இல் மேரிலாண்ட் மாநிலத்தில் தமது வீட்டுத் தோட்டத்தைத் திறந்துவிட்டு, இப்படிப்பட்ட பிள்ளைகளை அழைத்து நீந்தவும் பந்து எறியவும் ஓடவும் விட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ். 1968 ஜூலை 20ஆம் திகதி சிக்காகோ நகரில் முதல் போட்டி நடந்தபோது ஏறத்தாழ 1,000 பேர் பங்குபற்றினார்கள். இன்று நமது இலங்கையிலும் அதன் கிளை இருக்கிறது.

2019 மார்ச் மாதத்தில் அதன் உலகப் போட்டி அபூதாபியில் நடந்தது. மத்திய கிழக்கில் நடந்த முதல் உலகப் போட்டி அதுவே. 7,000க்கும் மேற்பட்டவர்கள் 24 வகை விளையாட்டுகளில் கலந்துகொண்டார்கள். முஸ்லிம் நாடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017 முதல் இவர்களை "அஸ்ஹாபுல் ஹிமம்" என்று அழைக்கிறார்கள். ஹிம்மத் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. மன உறுதி, ஊக்கம். ஊக்கம் உடையவர்கள் என்று பொருள். "பைத்தியம்", "மொக்கன்" என்று நம் தெருக்களில் வழங்கும் சொற்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த அமைப்பு செய்கிற இரண்டு வேலைகள் நமக்குப் பாடமாகும். ஒன்று, குறை உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் சேர்ந்து விளையாடுவது. மற்றது, 1997இலிருந்து போட்டி நடக்கும் இடத்திலேயே கண், காது, பல், பாதம் முதலியவற்றை இலவசமாகப் பரிசோதிப்பது. அப்படிப் பார்த்தபோது, யாரும் கவனிக்காத பல்வலியோடும் பார்வைக் குறைவோடும் பலர் வருடக் கணக்கில் வாழ்ந்து வந்தது தெரிந்தது. விளையாட அழைத்தால்தான் நோயும் வெளியே வருகிறது.

நம் முற்றத்தில் என்ன செய்யலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், உடற்குறை, அறிவுக்குறை உள்ள பெரியவர்களுக்கும் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் உடல் அசைவு வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. குறைந்த அளவான 150 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அதையும் ஒரேயடியாகச் செய்ய வேண்டியதில்லை. இதுவரை கட்டிலில் இருந்தவரை முதல் நாளே ஊர் சுற்ற வைக்காதீர்கள். வாசல் வரை, பிறகு வேலி வரை, பிறகு சந்தி வரை என்று கூட்டிக்கொண்டு போங்கள். கொஞ்சம் மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும், அதுவே அளவு.

நடை: ஒரே நேரம், ஒரே வழி என்று வைத்துக்கொண்டால் இவர்கள் விரும்பி வருவார்கள், ஓட்டிசம் உள்ளவர்களுக்கு இது மிகவும் அவசியம். அஸர் தொழுகைக்குப் பின் வெயில் தணிந்ததும் நல்ல நேரம். ஆண் பிள்ளையென்றால் பள்ளிவாசல் வரை நடந்து ஜமாஅத்தில் நிற்கட்டும். நிற்பதும் குனிவதும் சுஜூதும் அவனுக்குத் தெரிந்த அளவில் செய்யட்டும். சத்தம் போட்டாலும் முன்வரிசையில் இருப்பவர்கள் முகம் சுளிக்க வேண்டாம்.

வேலை: முற்றம் கூட்டுவது, பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, கோழிக்குத் தீன் போடுவது, விறகு அடுக்குவது எல்லாம் தசைக்குப் பயிற்சிதான். "அவனுக்கு ஏலாது" என்று வாளியைக் கையிலிருந்து பறிக்காதீர்கள். அரை வாளி தண்ணீர் தூக்கட்டும். சித்தாண்டித் தாய் செய்தது இதுதான்.

விளையாட்டு: மெத்தென்ற பந்தை எறிந்து பிடிப்பது, தேங்காய்ச் சிரட்டையைக் குறிவைத்து உருட்டுவது, கரம் போடுவது ஆகியவை செலவில்லாதவை. நமது கிழக்கிலங்கையின் பொல்லடி இவர்களுக்கென்றே வந்தது போன்ற விளையாட்டு. தாளத்துக்குக் கோலைத் தட்டி அடியெடுத்து வைக்கும்போது கை, கால், கண், காது நான்கும் வேலை செய்கின்றன. ஊரில் பொல்லடி தெரிந்த அண்ணாவிமார் இருந்தால் கிழமையில் ஒரு மாலை இவர்களையும் வட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகள்: வளர்ந்த பெண்ணை வெளியே விடத் தாய்மார் பயப்படுவது வெறும் கற்பனையல்ல. ஆனால் பூட்டி வைப்பது அதற்கு மருந்தாகாது. சுற்று மதில் உள்ள ஒரு வீட்டு முற்றத்தில், கிழமைக்கு இரண்டு மாலை, பெண்கள் மட்டும் கூடி நடக்கலாம், பந்து விளையாடலாம், கயிறு ஊஞ்சல் ஆடலாம். யார் தொட்டால் சரி, யார் தொட்டால் உடனே உம்மாவிடம் வந்து சொல்ல வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுங்கள். மறைத்து வளர்க்கப்பட்ட பெண்ணுக்குத்தான் ஆபத்தும் அதிகம். நாலு பேருக்குத் தெரிந்த பெண்ணைக் கவனிக்க நாலு பேர் இருப்பார்கள்.

சாப்பாடு: தேநீரின் சீனியை ஒரேயடியாக நிறுத்தினால் சண்டைதான் வரும். கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். தட்டில் பாதியைக் கீரையும் மரக்கறியும் நிரப்பட்டும். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை நம் வேலியிலேயே இருக்கின்றன. சோடா வீட்டுக்குள் வர வேண்டாம். தயிர் நல்லது, அதில் சீனியைக் கொட்டுவதுதான் கெட்டது. பரிசாக இனிப்பு கொடுப்பதை விட்டு, கூட்டிக்கொண்டு போய் ஆற்றைக் காட்டுவதைப் பரிசாக்குங்கள். வீட்டில் மற்றவர்கள் தின்னும்போது அவனுக்கு மட்டும் இல்லை என்பது அநியாயம்; ஆகவே எல்லோருமே குறையுங்கள்.

நோன்பு: புத்தித் தெளிவில்லாதவர் மீது நோன்பு கடமையில்லை. ஆனாலும் ஸஹருக்கு எழும்பி, இப்தாருக்குக் காத்திருப்பதில் இவர்களுக்கு ஆனந்தம். அந்த மகிழ்ச்சியைத் தடுக்காதீர்கள். சீனி வருத்தமோ வலிப்போ இருந்தால் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் பட்டினி கிடக்க விட வேண்டாம். ஓரளவு விளங்கக்கூடியவர் விஷயத்தில் உங்கள் ஊர் ஆலிமிடம் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டிய மூன்று எச்சரிக்கைகள்

1. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்பு மூட்டு தளர்வாக இருக்கும். வைத்தியர் பார்த்துச் சொல்லும்வரை குட்டிக்கரணம், தலையால் பந்து முட்டுவது, தலைகீழாகத் தண்ணீரில் பாய்வது வேண்டாம். கழுத்து வலி, தள்ளாடும் நடை, கை பலவீனம், திடீரென்று சிறுநீர் அடக்க முடியாமை கண்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

2. ஏறாவூரிலிருந்து கல்முனைப் பக்கம் வரை நீண்டு கிடக்கும் நமது வாவியும், ஆறும், குளமும் இவர்களுக்குப் பெரிய விருப்பம். தண்ணீரில் உடம்பு இலேசாவதால் மூளை வாதம் உள்ளவர்களுக்கும் நல்லது. ஆனால் ஒருவருக்கு ஒருவர் கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். வலிப்பு உள்ளவரை ஒரு நொடியும் தனியே விடக்கூடாது. மாரி காலத்தில் ஆற்றுப் பக்கமே போக வேண்டாம்.

3. இதயக் கோளாறு இருந்தவர் எவ்வளவு பாரம் தூக்கலாம், எவ்வளவு ஓடலாம் என்பதை முதலில் வைத்தியரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். உதடு நீலம் பூத்தால் உடனே நிறுத்துங்கள்.

உரிமையும் கேட்டுப் பெறுங்கள்

இது தயவல்ல, சட்டம். இலங்கையில் அங்கவீனமுற்றோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் 28ஆம் இலக்கமாக வந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் இது தொடர்பான உடன்படிக்கையை 2016 பெப்ரவரியில் நம் நாடு ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 30ஆவது உறுப்புரை விளையாட்டும் ஓய்வுநேரக் களிப்பும் இவர்களின் உரிமை என்று கூறுகிறது. 25ஆவது உறுப்புரை மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே தரமான வைத்தியத்தை இவர்களுக்கும் உறுதி செய்யச் சொல்கிறது.

உங்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருப்பார். சித்தாண்டியாருக்குச் செங்கலடியில் ஏறாவூர்ப்பற்றுச் செயலகம். ஏறாவூர் நகரத்தாருக்கு அவர்களது நகரச் செயலகம். பிள்ளையின் பெயரைப் பதிந்திருக்கிறீர்களா? உதவிப்பணம், காதுக் கருவி, சக்கர நாற்காலி எதற்கும் அந்தப் பதிவுதான் முதல் படி. மறைத்து வைத்த பிள்ளையின் பெயர் எந்தக் கணக்கிலும் வராது.

எனக்குப் பிறகு யார்?

இந்தக் கேள்வியை எத்தனையோ தாய்மார் என்னிடம் கேட்டுவிட்டார்கள். "மௌலவி, எனக்கு முந்தி இவன் போயிடணும் என்று துஆக் கேட்கலாமா?" என்று ஒரு தாய் கேட்டார். அந்தக் கேள்விக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை. இன்று அவருக்குச் சொல்ல நினைப்பது இதுதான்: அப்படிக் கேட்க வேண்டாம் தாயே. நீங்கள் இருக்கும்போதே அவனுக்கு ஊரைத் தெரியப்படுத்துங்கள். ஊருக்கு அவனைத் தெரியப்படுத்துங்கள். பல் துலக்க, முகம் கழுவ, உடுப்பு மாற்ற, பத்து நிமிடம் நடக்கப் பழகியவனைச் சகோதரி பொறுப்பெடுப்பாள். மச்சான் முகம் சுளிக்க மாட்டான். தூக்கித் திரிய வேண்டிய பாரமாக அவனை ஆக்கிவிட்டுப் போனால், நல்ல மனதுள்ளவர்களும் தளர்ந்துவிடுவார்கள். அவனுக்கென்று ஒரு துண்டு நிலமோ பணமோ இருந்தால் அதைப் பொறுப்பான ஒருவரிடம் எழுத்தில் ஒப்படையுங்கள். விளக்கம் குறைந்தவரின் சொத்தைப் பேணி, அதிலிருந்து அவருக்கு உணவும் உடையும் கொடுத்து, நல்ல சொல்லும் சொல்லுமாறு அன்னிஸா அத்தியாயம் நம்மைப் பணிக்கிறது.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். கிழமைக்கு ஒரு மணி நேரம், பாடசாலை மைதானத்தின் ஒரு மூலை, நாலு இளைஞர்கள், இரண்டு பந்து. இவ்வளவு போதும். பக்கத்துத் தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் இரு சமூகங்களும் கடந்த காலத்தில் ஒருவரையொருவர் இழந்தது போதும். இந்தப் பிள்ளைகளுக்கு யார் எந்த ஊர் என்ற கணக்கில்லை. பஸ்ஸில் போகும் எல்லோருக்கும் அவர்கள் கை காட்டுவார்கள்.

என் மருமகனைப் பற்றிக் கேட்பீர்கள். அவனுக்கு இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. போன விரல் வராது. ஆனால் அஸருக்குப் பின் அவன் செருப்பைத் தானே எடுத்து வாசலில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து நிற்கிறான். முதல் மாதம் பக்கத்து வீட்டு வேலி வரைதான் நடந்தான். இப்போது சந்தி வரை போய்த் திரும்புகிறோம். வழியில் கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். முன்பெல்லாம் இனிப்புக் கொடுப்பார். இப்போது கை கொடுக்கிறார். சீனியின் அளவும் குறைந்து வருகிறது என்று வைத்தியர் சொன்னார், அல்ஹம்துலில்லாஹ். போன கிழமை மழை என்று நான் போகவில்லை. தங்கச்சி போன் எடுத்து, "காக்கா, இவன் செருப்போட வாசல்ல நிற்கிறான், நீங்க வரல்லியா?" என்று கேட்டாள். குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

யா அல்லாஹ்! எங்கள் கையில் நீ ஒப்படைத்த இந்த அமானிதங்களை அறியாமையால் வீணாக்கியதற்காக எங்களை மன்னிப்பாயாக! அவர்களைச் சுமந்து களைத்த தாய்மாருக்குச் சக்தியையும் துணையையும் தருவாயாக! அவர்களின் கால்களுக்கும் எங்கள் மனங்களுக்கும் வலிமை தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.